உன்னைப் போகவிடாத விமானம்

அன்புள்ள நடேசா,

உன் நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை. மற்றதெல்லாம் பிறகு. இந்த ஒரு வரியை இரண்டு முறை படித்துவிட்டு, எஸ்டேட் ஆபீஸ் வாசலில் போய் நின்று, மூச்சை நன்றாக இழுத்து விட்டுவிட்டு வா. ஆறு வருடங்களுக்கு முன்பும் உன் நெஞ்சு நன்றாகத்தான் இருந்தது. பலவீனம் என்று பட்டாளத்து டாக்டர் உன்னிடம் சொன்னது பொய். அந்தப் பொய்யைச் சொல்லவைத்தவன் நான்.

சிராங்கூன் சாலைப் பால்காரர் வீட்டு வரனைப் பற்றி நாங்கள் எழுதியதற்கு நீ அனுப்பிய பதில் போன வாரம் கிடைத்தது. ‘எனக்கு நெஞ்சு பலவீனம் என்பது உங்களுக்கே தெரியும். தெரிந்தே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, நாலு வருடத்தில் அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகும் பாவத்தை நான் செய்யமாட்டேன். பெண் வீட்டாரிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்’ என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டும்போது ‘மறைக்காமல்’ என்ற சொல்லில் என் நாக்கு தடுக்கியது. உன் எழுத்து கோணலாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். உன் எழுத்து எப்போதும் முத்துமுத்தாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கண் முன்போல் இல்லை. வரிகள் மேலும் கீழும் போனால் பொறுத்துக்கொள்.

இதற்கெல்லாம் தொடக்கம் எது என்று யோசித்தால், குதிரைப் பந்தயத் திடல்தான் நினைவுக்கு வருகிறது. போர் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன், நம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், அந்தத் திடலில் ஒரு வெள்ளைக்காரர் விமானம் ஓட்டிக் காட்டினார். உள்ளே போக நமக்கு வழியில்லை. சாலை ஓரத்துக் கூட்டத்தில் நீயும் நானும் நின்றோம். மரங்களுக்கு மேலே அது எழும்பியபோது எல்லோரும் கத்தினார்கள். நீ மட்டும் கத்தவில்லை. வாயை மூடிக்கொண்டு, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாய். நான் விமானத்தைப் பார்த்ததைவிட உன் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். வீட்டுக்கு வரும் வழியில், “அப்பா, அது முழுக்க மரமும் துணியும்தான். நீங்க நெனச்சா நீங்களே செய்யலாம்” என்றாய். சிரித்துவிட்டேன். ஆனால் ஒரு தச்சனிடம் அவன் மகன் சொல்லக்கூடிய பெரிய வார்த்தை அது என்று உள்ளுக்குள் பூரித்துப் போனேன்.

போர் நடந்துகொண்டிருந்தபோது நீ துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணியாகச் சேர்ந்துவிட்டாய். பத்தொன்பது வயது. நான் தஞ்சோங் பகாரில் கப்பல் பட்டறையில் இருந்தேன். இரும்பு வார்ப்பதற்கு முன்னால் அந்தச் சாமானை மரத்தில் மாதிரியாகச் செதுக்கித் தருவது என் வேலை. ஒரு நாள் பட்டறையின் பெரிய எஞ்சினியர் துரை ஓர் ஆங்கிலப் பத்திரிகையோடு என் மேசைக்கு வந்தார். அவருடைய ஒரே மகன் பிரான்சில் விமானப் படையில் இருந்தான். பத்திரிகையில் அவன் ஓட்டும் சண்டை விமானத்தின் படமும், அடி அங்குலக் கணக்கோடு ஒரு வரைபடமும் இருந்தன. “என் மனைவி மகன் எதில் ஏறிப் பறக்கிறான் என்று தெரியாமல் தவிக்கிறாள். கையால் தொட்டுப் பார்க்க அவளுக்கு ஒன்று வேண்டும். அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் செய்ய முடியுமா?” என்று மலாயில் கேட்டார். “போலே, துவான்” என்றேன். முடியும் என்று சொன்ன வாய்க்கு, எப்படி என்று தெரியாது. வரைபடத்தில் இருந்த ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூட எனக்குப் படிக்கத் தெரியாது.

நீதான் படித்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நீ மறந்திருக்கமாட்டாய். வீட்டு முன் அஞ்சடி நடைபாதையில் பாயை விரித்து, ஜெலுத்தோங் மரத்துண்டுகளைப் பரப்பி, நீ அளவைப் படித்துச் சொல்ல நான் கோடு போட்டேன். இறக்கைக்குள் விலா எலும்பு மாதிரி வரிசையாக வரும் சட்டங்களை மூங்கில் சிம்பில் வளைத்தோம். எஞ்சினுக்கு ஒன்பது உருளைகளைப் பட்டறைக் கடைசலில் கடைந்து கொண்டுவந்தேன். காற்றாடியை ஒரே தேக்குத் துண்டில் செதுக்கினேன். மூன்று உடைந்தன. நாலாவது நின்றது. உன் அம்மா மல் துணியில் இறக்கைக்கு உறை தைத்தாள். கஞ்சி போட்டு இழுத்து ஒட்டிய மறுநாளே மழை பிடித்துக்கொள்ள, ஈரத்தில் துணி தொய்ந்து போயிற்று. அவள் எல்லாத் தையலையும் பிரித்துவிட்டு, நூலைப் பல்லில் கடித்தபடி, “இந்த நேரத்துக்கு ரெண்டு ரவிக்கை தைச்சிருப்பேன். அதை மனுஷியாவது போட்டுக்குவா” என்றாள். நீ சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு காசிம் எட்டிப் பார்த்தான். பிறகு அவனும் வந்து உட்கார்ந்துகொண்டான். துணிக் கடைக்காரர் மகன் இல்லையா, மல் துணியைத் தடவிப் பார்த்து, “இது மட்டம் மாமா, வாப்பா கடையில நயம் துணி இருக்கு” என்று இரண்டு கெஜம் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டாவது முறை துணி முரசுத் தோல் மாதிரி விறைத்து நின்றது.

இறக்கை விஷயத்தில் நமக்குள் வந்த சண்டையையும் எழுதிவிடுகிறேன். மேல் இறக்கை, கீழ் இறக்கை இரண்டையும் நான் ஒரே நேராகச் செய்து முடித்திருந்தேன். நீ படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்பா, மேல் இறக்கைதான் நேரா இருக்கு. கீழ் இறக்கை ரெண்டு பக்கமும் லேசா மேல தூக்கியிருக்கு பாருங்க” என்றாய். இருபத்தைந்து வருடம் மரம் அறுத்தவனுக்குக் கோணல் நேர் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன். படம் எடுத்தவன் சாய்வாக நின்று எடுத்திருப்பான் என்றேன். மறுநாள் பட்டறையில் அந்தப் படத்தின்மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. கீழ் இறக்கையைப் பிரித்து முழுவதும் புதிதாகச் செய்தேன். ஆனால் ‘நீ சொன்னது சரி, தம்பி’ என்று உன்னிடம் சொல்லவே இல்லை. நீ சாயங்காலம் வந்து, தூக்கி நின்ற இறக்கையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து உப்புத்தாள் தேய்க்க ஆரம்பித்தாய். உனக்குப் பிள்ளைகள் பிறந்தால், அவர்கள் சரியாகச் சொல்லும்போது சரி என்று வாய்விட்டுச் சொல்லிவிடு. சொல்லாமல் திருத்திக்கொள்வது பாதித் திருத்தம்தான். சின்ன விஷயத்தில் வாயை மூடிப் பழகியதால்தான் பெரிய விஷயத்திலும் என்னால் ஆறு வருடம் மூட முடிந்தது.

பெரிய விஷயத்துக்கு வருகிறேன். உடல் பாகம் முடிந்து, கம்பிகளைக் கட்டிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை அது. பித்தளைக் கம்பியை நீ பிடிக்க, நான் முறுக்கினேன். “அப்பா, அரபு நாட்டுல பஸ்ராவுக்குப் பட்டாளத்துல ஆள் எடுக்கிறாங்க” என்றாய். “ம்” என்றேன். “அங்க விமானம் பழுது பாக்குற கொட்டகையில சாமான் கணக்கு எழுத கிராணி வேணுமாம். காசிமும் நானும் பேர் கொடுத்துட்டோம். டாக்டர் பாத்துட்டா கப்பல்தான்.” கம்பியை நான் ஒரு சுற்று அதிகமாக முறுக்கிவிட்டேன். அறுந்துவிட்டது. உள்ளே இருந்து அம்மா வந்து, “எங்க போறே?” என்றாள். நீ மறுபடி சொன்னாய். அவள் உன்னைத் திட்டவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது உன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுவிட்டு, “எத்தனை மாசம்?” என்று மட்டும் கேட்டாள். உனக்கு முன் பிறந்த இரண்டு பேரைக் காய்ச்சலில் பறிகொடுத்தவள் அவள். அவளே உன்னைத் தடுக்கவில்லை. நான்தான் வாயால் தடுக்காமல் முதுகுக்குப் பின்னால் தடுத்தேன்.

அடுத்த வாரம் விமானம் முடிந்தது. இறக்கை நுனிக்கு நுனி இரண்டேகால் அடிக்குச் சற்று மேல். வட்டச் சின்னங்களை நீ எழுதினாய். மூக்கில் இரட்டைத் துப்பாக்கியைக் காசிம் பொருத்தினான். அதைத் துணி போர்த்தி ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு துரை வீட்டுக்கு நான் போனேன். நீயும் வருகிறேன் என்றாய். வேலை நாள், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். உண்மையில், நான் கேட்கப் போவதை நீ கேட்கக் கூடாது என்றுதான்.

துரையின் மனைவி அதை மேசைமேல் வைத்து, ஒரு விரலால் காற்றாடியைச் சுற்றிவிட்டார். பிறகு விமானி உட்காரும் குழியில் விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். துரை எனக்குக் கூலி எடுக்கப் போனார். “கூலி வேண்டாம், துவான். என் மகன் பஸ்ராவுக்குப் பேர் கொடுத்திருக்கிறான். ஆள் எடுக்கும் பட்டாளத்து டாக்டர் உங்கள் நண்பர். அவனை வேண்டாம் என்று திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்” என்றேன். அவர் முகம் சிவந்தது. “என் மகன் போயிருக்கிறான். உன் மகன் போகக் கூடாதா?” என்றார். “நீங்கள் பெரிய மனசுக்காரர். எனக்கு அந்த மனசு இல்லை” என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எனக்கும் இல்லை” என்றார். “கேட்பதற்கு எனக்கு ஆள்தான் இல்லாமல் போயிற்று.” மேசைமுன் உட்கார்ந்து டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதினார்.

மற்றது உனக்குத் தெரியும். நீ வெளுத்துப்போன முகத்தோடு வந்து, “நெஞ்சு பலவீனமாம்ப்பா. ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார்” என்றாய். உன்னை வேண்டாம் என்று மட்டும்தான் சொல்வார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். இப்படி ஒரு காரணத்தைக் கட்டிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “எந்த டாக்டர் சொன்னான்? வேற டாக்டர்கிட்ட போவோம்” என்று குதித்தேன், நடித்தேன். நீயே, “விடுங்கப்பா, பெரிய டாக்டர் அவரு” என்று என்னைச் சமாதானப்படுத்தினாய். அதன்பிறகு நீ பந்து விளையாடப் போகவில்லை. சாங்கிக் கடற்கரைக்கு நண்பர்கள் நீந்தக் கூப்பிட்டபோது துணிகளுக்குக் காவலாகக் கரையில் உட்கார்ந்திருந்தாய் என்று காசிமின் தம்பி சொன்னான். உன் அம்மா தினமும் கசாயம் காய்ச்சினாள். நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பதை நான் பார்த்துக்கொண்டே பல் துலக்கினேன்.

என் மனசுக்கு அப்போது ஒரு சாக்கு கிடைத்தது. போர் முடியும் தறுவாயில் துரையின் மகன் விமானத்தோடு விழுந்து செத்துப்போனான். மறுநாளும் அவர் பட்டறைக்கு வந்தார். நான் செதுக்கிய மாதிரி ஒன்றைக் கையில் எடுத்து அளவு பார்த்தார், சரி என்று தலையசைத்தார், போய்விட்டார். சில மாதங்களில் மனைவியோடு ஊருக்குக் கப்பலேறினார். விமானத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள். அந்த மனிதருக்காக அழுதேன், நடேசா. அதே அழுகையில், பார்த்தாயா நான் செய்தது சரிதான் என்றும் சொல்லிக்கொண்டேன். ஒருவரின் செத்துப்போன பிள்ளையை எனக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டேன். நான் செய்த எல்லாவற்றிலும் இதுதான் என்னை அதிகம் கூச வைக்கிறது.

அந்தச் சாட்சியும் நிலைக்கவில்லை. பஸ்ராவுக்குப் போன காசிம் திரும்பி வந்தான். தஞ்சோங் பகாரில் கப்பல் வந்து நின்றபோது நீதான் முதலில் அவனைக் கட்டிப்பிடித்தாய். கறுத்து, மீசை வைத்து, ஆள் பாதியாக வந்திருந்தான். “எப்படிடா இருந்துச்சு?” என்று கேட்டாய். “வெயிலும் ஈயும்தான் லா. நாலு மாசம் காய்ச்சல்ல கிடந்தேன்” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரு தடவை என்னை மேல ஏத்திக்கிட்டுப் போனாங்க மச்சான். ஆறு கீழ நூல் மாதிரி தெரிஞ்சுது” என்றான். நீ அவன் தோளைக் குத்திச் சிரித்தாய். அன்றைக்கு வீட்டில் பசிக்கவில்லை என்று சொல்லிச் சாப்பாட்டைத் தொடவில்லை. இரண்டே மாதத்தில் சிரம்பான் பக்கம் எஸ்டேட்டில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாய். இங்கே காசிமைத் தினம் பார்ப்பதை உன்னால் தாங்க முடியவில்லை என்பதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். ரயிலடியில் உன் பெட்டியை நான் தூக்கி வைத்தேன். உன்னைத் தூக்கவிடவில்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, தலை நரைத்த அப்பன் பெட்டி தூக்குவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நின்றாய்.

நீ பஸ்ராவுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. காசிம் மாதிரி வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். அதை உன்னோடு பேசித் தடுத்திருந்தால், சண்டை போட்டிருந்தால், உன் காலில் விழுந்திருந்தால்கூட அது அப்பன் செய்கிற காரியம். உன் உடம்பையே உனக்கு எதிராகத் திருப்பிவிட்டது அப்படி இல்லை. பயம் இல்லாத பெற்றோர் கிடையாது. நீயும் ஒரு நாள் பயப்படுவாய். அப்போது அந்தப் பயத்தைப் பிள்ளையின் முன்னால் எடுத்து வை. அவன் பார்க்கட்டும். இதைவிடப் பெரிய புத்தி சொல்ல என்னிடம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்குப் போனேன். வேண்டாம் என்ற உன் பதிலைச் சொல்லத்தான் போனேன். போகும்போது வேறொரு யோசனையும் இருந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்: யாராவது ஒரு டாக்டரைப் பிடித்து, ‘இப்போது குணமாகிவிட்டது’ என்று உன்னிடம் சொல்லவைத்துவிட்டால் எல்லாம் சுமுகமாக முடியுமே என்று நினைத்தேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யால் ஒட்டுப் போடப் பார்த்தேன். பால்காரர் மாட்டுக் கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “பையன் என்ன சொல்றாரு?” என்றார். நல்ல மனிதர். உன்னைப் பற்றிக் கேட்கும்போதே அவர் முகம் மலர்கிறது. அந்த முகத்தைப் பார்த்து எனக்கு எந்தக் கதையும் கட்ட வரவில்லை. விமானத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் மகள் சிவகாமி கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே வந்தாள். காபியை என் முன்னால் வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்து, “இதை அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா மாமா?” என்றாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். “எங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட சொல்லியிருக்கணும்” என்றாள். “சிவகாமி!” என்று அவள் அப்பா அதட்டினார். “அந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லுது” என்றேன். காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. கீழே உட்கார்ந்து, “ஆறு வருஷம். அந்தப் புள்ளைக்கு என் கையால கசாயம் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தேனே. ஒரு நாளாவது உங்க வாய் தொறக்கலையா?” என்றாள். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. இன்று காலை இந்தக் காகிதங்களை முன்னால் வைத்துக்கொண்டு என்ன எழுதுவதென்று நான் விழித்தபோது, மைக்கூட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, “எல்லாத்தையும் எழுதுங்க. உங்களுக்குச் சாதகமா ஒண்ணும் சேர்க்காதீங்க” என்றாள். அதனால் என் பக்கத்து நியாயம் என்று நான் எழுதிய ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

நீ என்மேல் கோபப்படு. எவ்வளவு காலம் வேண்டுமோ அவ்வளவு காலம் படு. கடிதம் போடாமல் இருந்தால் அம்மாவுக்கு மட்டுமாவது தனியாக இரண்டு வரி போடு, அவள் தாங்கமாட்டாள். சிரம்பானில் உனக்குத் தெரிந்த டாக்டர் யாரிடமாவது போய், நான் சொல்வதையும் நம்பாமல், நீயே ஒரு தடவை பார்த்துக்கொள். அப்பன் சொன்னான் என்பதற்காக எதையும் நம்ப வேண்டிய கட்டாயம் இனி உனக்கு இல்லை.

பால்காரர் நேற்று ஆள் அனுப்பிக் கேட்டார். கல்யாணத்துக்கு நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “அது என் மகன் சொல்லவேண்டிய பதில், அவனைக் கேட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லி, உன் விலாசத்தை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

அப்பா